விடியலில் இறுகி வெயிலில் இளகும் ஆக்சிலேட்டர்

கேள்வி: தடிக்காரன்கோணத்தில் வசிக்கிறேன். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலை. தினமும் அதிகாலை நாலரை மணிக்கு ஸ்கூட்டரை எடுக்கிறேன். 2016-இல் வாங்கிய, கார்புரேட்டர் உள்ள 110 சிசி வண்டி. மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் ஆக்சிலேட்டர் கனமாக இருக்கிறது. கையை எடுத்தால் தானாகத் திரும்புவதில்லை; நான்தான் முன்னால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு மேல் ஒரு குறையும் இல்லை. ஆடி மழையில் ஒருமுறை கேபிள் இறுகியபோது வீட்டிலிருந்த எண்ணெயை விட்டேன், சரியாகிவிட்டது. இப்போது மதியம் மெக்கானிக்கிடம் காட்டினால், வண்டி நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ‘வீட்டிலிருந்த எண்ணெய்’ என்று எழுதியிருக்கிறீர்கள்; என்ன எண்ணெய் என்று எழுதவில்லை. குமரி மாவட்டத்து அடுக்களையில் வேறு என்ன இருக்கப்போகிறது? தேங்காய் எண்ணெய்தான்.

அது எங்கே உறைகிறது என்று பாருங்கள். ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் வெண்மையாகக் கட்டிப்படத் தொடங்கும். மார்கழியில் மலையடிவாரத்தில் நாலரை மணிக்கு அதைவிடக் குளிர்ச்சிதான். அடுக்களை அலமாரியில் உள்ள போத்தலில் எண்ணெய் உறைந்திருக்கும் நாளில், கேபிளுக்குள் இருப்பதும் உறைந்துதான் இருக்கும். பத்து மணி வெயிலில் இரண்டும் ஒன்றாக இளகும். ஆடியில் அந்த எண்ணெய் வேலை செய்ததும் இப்போது காலை வாருவதும் இதனால்தான். மெக்கானிக்கைக் குறைசொல்ல முடியாது. மதியம் போனால் அவரிடம் காட்டுவதற்கு நோயே இல்லை. வண்டியை முந்தின நாள் மாலையே அவரிடம் விட்டுவிட்டு, காலையில் கடை திறந்தவுடன் முதல் வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சினைச் சூடாக்கியும் பயனில்லாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. ஆக்சிலேட்டர் கேபிள் கைப்பிடியில் தொடங்கி, முன்பக்கக் கவருக்குள் இறங்கி, கால் வைக்கும் பலகைக்கு அடியில் ஓடி, இருக்கைக்குக் கீழே கார்புரேட்டரில் முடிகிறது. ஆள் உயரத்துக்குக் குறையாத நீளம். எஞ்சின் சூடு அதன் கடைசி ஒரு சாண் நீளத்துக்குப் போனால் பெரிது. அதற்காகப் பத்து நிமிடம் பெட்ரோலை எரிக்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் ஓடவிடவே கூடாது, புகையே ஆளைச் சாய்த்துவிடும்.

சரிசெய்யும் வரை இந்த வண்டியை அதிகாலையில் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆக்சிலேட்டரை முறுக்குவது உங்கள் கை; திருப்புவதோ கார்புரேட்டரில் இருக்கும் ஒரு சிறிய ஸ்பிரிங் மட்டும். கேபிளில் சிறிது தடை கூடினாலும் கைக்கு உறைக்காது, ஸ்பிரிங் தோற்றுவிடும். கியர் வண்டியானால் கிளட்சைப் பிடித்துத் தப்பலாம். ஸ்கூட்டரில் அந்த வசதி கிடையாது. கீரிப்பாறைச் சாலை வளைவில் ஆக்சிலேட்டர் திரும்பாமல் நின்றால், இரண்டு பிரேக்குகளையும் ஒன்றாக இறுக்கிப் பிடியுங்கள். கைப்பிடியை முன்னால் தள்ளிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணையுங்கள். அணைக்கும் நிலையோடு விரல் நிற்க வேண்டும். பதற்றத்தில் இன்னும் திருப்பி ஹேண்டில் பூட்டு வரை போய்விடக் கூடாது. வீட்டு முற்றத்தில் வண்டி நிற்கும்போதே, சாவியைப் பார்க்காமல் கையால் தேடிப் பிடிக்க நாலைந்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். தேங்காய் எண்ணெய்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்பினாலும், கழற்றிப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். இறுக்கம் மூன்று இடங்களில் இருக்கலாம்: கைப்பிடியில், கேபிளில், கார்புரேட்டரில். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் தானாகத் தெரியும். எஞ்சினை அணைத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காலைக் குளிரிலேயே பாருங்கள். முதலில் ஹேண்டிலை இடப்பக்கம் முழுதும், பிறகு வலப்பக்கம் முழுதும் திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் இறுகினால் கேபிள் எங்கேயோ நசுங்குகிறது. கவரைக் கழற்றி மாட்டிய யாரோ தவறான வழியில் விட்டிருப்பார்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி இறுகினால், இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியைக் கழற்றி, கார்புரேட்டரிலிருந்து கேபிள் முனையை விடுவியுங்கள். கழற்றுவதற்கு முன் சரிசெய்யும் நட்டு எங்கே நிற்கிறது என்று பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மறுபடி மாட்டும்போது என்னை வாழ்த்துவீர்கள்.

இப்போது கார்புரேட்டரில் உள்ள நெம்புகோலை விரலால் திருப்பி விடுங்கள். ‘டக்’ என்று திரும்பி அடித்தால் அது நல்லபடியாக இருக்கிறது. மந்தமாகத் திரும்பினால் அச்சில் அழுக்கு, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கார்புரேட்டர் கிளீனர் தெளித்துப் பார்க்கலாம். அடுத்து மேல்முனையையும் கழற்றிவிட்டு, கைப்பிடியை மட்டும் தனியே சுழற்றுங்கள். காற்றாடி போலச் சுழல வேண்டும். உங்கள் தொழிலில் இதைச் சாதாரணமாக விடக் கூடாது. பால் பிடித்த கையோடு வண்டியைப் பிடித்தால், கைப்பிடி விளிம்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவே ஒட்டுப்பால் போலத் திரண்டுவிடும். அதைச் சுரண்டி எடுத்து, உள்ளே ஹேண்டில் குழாயில் துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாள் போட்டுத் துடைத்து, விரல்நுனியில் படும் அளவுக்கு மட்டும் கிரீஸ் தடவினால் போதும். ஆசைக்கு மேலே மாட்டிய ரப்பர் உறை உள்நோக்கி நகர்ந்து உரசுகிறதா என்றும் பாருங்கள்.

மிஞ்சியது கேபிள். உறையை ஒரு கையில் பிடித்து, உள்ளே ஓடும் கம்பியை மறு கையால் இழுத்துத் தள்ளுங்கள். உங்கள் வண்டியில் இதுதான் இறுகும் என்று நினைக்கிறேன். கம்பியின் நுனியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மேற்கொண்டு யோசிக்காமல் புதியது வாங்குங்கள். இழை நன்றாக இருந்து, கேபிளும் புதிதாக இருந்தால் மட்டும் சுத்தம் செய்வதில் அர்த்தம் உண்டு. கேபிளை ஜன்னல் கம்பியில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் ஒரு பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டிப் புனல் போல ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அதில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, கம்பியை மேலும் கீழும் ஆட்டுங்கள். கீழே ஒரு டப்பா வையுங்கள். முதலில் வருவது கறுப்பும் செம்மையுமாக வரும். அதுதான் ஆடி மழையின் துருவும் உங்கள் அடுக்களை எண்ணெயும். தெளிவாக வரும் வரை விட்டு, இரவு முழுவதும் வடியவிட்டு, மறுநாள் தையல் எந்திர எண்ணெய் சில சொட்டு. பெட்ரோலால் கழுவ வேண்டாம், தீப்பிடிக்கும். கிரீஸ் திணிக்கவும் வேண்டாம், அதுவும் குளிரில் கெட்டிப்படும்.

ஆனால் உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. 2016 வண்டியில் இன்னும் முதல் கேபிளே இருந்தால், அது சாப்பிட்ட சோற்றுக்கு உழைத்துவிட்டது. சில நூறு ரூபாய்க்குள் உங்கள் மாடலுக்கான அசல் கேபிள் கிடைக்கும். நீளம் ஒத்துவருகிறது என்று வேறு வண்டியினுடையதை வாங்காதீர்கள். உள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக் குழல் வைத்த கேபிளாக இருந்தால் எந்த எண்ணெயும் விடத் தேவையில்லை. விட்டால் தூசியைத்தான் பிடித்து வைக்கும். பழைய கேபிளை உருவுவதற்கு முன் அதன் வாலில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். நூல் அதே பாதையில் நிற்கும், புதியதை அதே வழியில் இழுத்துக்கொள்ளலாம்.

மாட்டிய பிறகு கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை வெறும் அசைவு இருக்க வேண்டும். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, பின்சக்கரம் தரையில் படாமல் ஹேண்டிலை இருபக்கமும் திருப்புங்கள். சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அப்படியே ஓட்டிப் போகாதீர்கள். கைப்பிடி ஒழுங்காகத் திரும்பியும், குளிர்ந்த எஞ்சின் முதல் சில நிமிடம் வேகமாக ஓடினால் அது வேறு கதை. தானியங்கி சோக் உள்ள வண்டிகளில் அது இயல்புதான், கேபிளைத் தொட வேண்டாம்.

இன்னொன்று. பால் உறைய வைக்கும் ஆசிட் கேனைக் கால் பலகையில் வைத்துக் கொண்டுபோகும் பழக்கம் உங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு உண்டு. கேபிள் ஓடுவது அந்தப் பலகைக்கு நேர் கீழேதான். கேன் கசிந்தால் உறையின் இரும்பு அரிக்கும். பின்னால் ஒரு பெட்டி மாட்டி அதில் வையுங்கள்.