ஃபோலியெட் அருகே பார்த்த வெள்ளை மூஸ் மான்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள ஃபோலியெட் ஊர் அருகே பார்த்துப் படமெடுத்த வெள்ளை மூஸ் மானைச் சுடக் கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், சுடக் கூடாது. உடலில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருக்கும் மூஸ் மானை அந்த வட்டாரத்தில் உரிமம் உள்ள வேட்டைக்காரரும் தொட முடியாது. ஒன்டாரியோ சட்டம் தடுக்கிறது.

அல்பினோவா, அதாவது பிறவியிலேயே நிறமி இல்லாததா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இல்லை. அங்குள்ளவற்றின் வெள்ளைக்குக் காரணம் ஒடுங்கு மரபணு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது) என்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள்: கருவிழி பழுப்பாக இருந்தால் அல்பினோ அல்ல.

ஏப்ரலில் எடுத்த படம் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். உண்ணிகள் மொய்த்த மூஸ், மரத்தில் உரசி உரசி முடியை முறித்துக்கொள்ளும். எஞ்சிய அடிமுடி வெளுத்துத் தெரியும். கழுத்திலும் தோளிலும் திட்டுத்திட்டாகத் தோல் தெரிகிறதா? அப்படியானால் அது நோயுற்ற சாதாரண மூஸ். பாவம், பல அந்த வசந்தத்தைத் தாண்டுவதில்லை.

இந்தத் தடை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 2013-இல் கனடாவின் இன்னொரு மாகாணமான நோவா ஸ்கோஷியாவில் வெள்ளை மூஸ் ஒன்றைச் சுட்டது சட்டப்படி குற்றமல்ல. அதைப் புனிதமாகக் கருதும் மிக்மாக் பூர்வகுடி மக்களிடம் தோலை ஒப்படைத்தார்கள். ஃபோலியெட் பக்கம் தடை இருந்தும் 2020-இல் ஒரு வெள்ளைப் பெண் மூஸ் கொல்லப்பட்டது. எனவே தயவுசெய்து படத்தைப் பகிரும்போது சரியான இடத்தை எழுதாதீர்கள்.