ரிம்ஃபயர் டார்கெட் பிஸ்டல் பேரலுக்கு எந்த ட்விஸ்ட் நல்லது: 1:16 ஆ, 1:18 ஆ?

நீங்கள் கேட்டது இது: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41 பிஸ்டலுக்கு (.22 ரிம்ஃபயர், அதாவது தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) 5½ அங்குலத்தில் புதுப் பேரல் செய்யக் கொடுக்கப் போகிறீர்கள், 50 கஜ புல்ஸ்ஐ (வட்ட இலக்கைச் சுடும்) போட்டிக்காக. கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்பவர்) 1:16 போதும் என்கிறார். ரேஞ்சில் ஒரு நண்பர் 1:18 தான் துல்லியம் என்கிறார்.

1:16 போடுங்கள்.

ட்விஸ்ட் என்பது பேரலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்கள் குண்டை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகின்றன என்பது. 1:16 என்றால் 16 அங்குலம் போவதற்குள் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றும். உங்கள் பேரலுக்குள் அது மூன்றில் ஒரு சுற்றுதான் திரும்பும். ஆனால் 50 கஜம் போய்ச் சேருவதற்குள் நூறு சுற்றுக்கு மேல் ஆகிவிடும். எவ்வளவு ட்விஸ்ட் வேண்டும் என்பதைக் குண்டின் எடையைவிட நீளம்தான் தீர்மானிக்கிறது. 1879-ல் இங்கிலாந்தின் வூலிச்சில் கிரீன்ஹில் என்ற கணித அறிஞர் கொடுத்த சூத்திரம் இன்றும் கைகொடுக்கும்: குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும் (எல்லாம் அங்குலத்தில்). வழக்கமான 40 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டு எடையின் அலகு) ஈயக் குண்டுக்குப் போட்டுப் பாருங்கள், 16-ஐ ஒட்டித்தான் வரும்.

நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்தக் குண்டும் நூற்றுக்கு நூறு சமநிலையில் வார்க்கப்படுவதில்லை. வேகமாகச் சுற்றினால் அந்தக் கோணல் சற்றுப் பெரிதாகும். ஆனால் எவ்வளவு? எடை மையம் அரை ‘தௌ’ (அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு) விலகிய குண்டுக்கு நான் கணக்குப் போட்டேன். 50 கஜத்தில் 1:16-க்கும் 1:18-க்கும் வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். இலக்கில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டமோ 3.36 அங்குலம். அந்த ஒரு மில்லிமீட்டருக்காக நிலைத்தன்மையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. குளிர்காலத்தில் காற்று அடர்த்தியாகும்போது 1:18-ல் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச நிலைத்தன்மையும் குறையும். ஒகையோவில் நவம்பர் மாதம் வெளியில் சுடும் எனக்கு இது பெரிய விஷயம்.

மெதுவான ட்விஸ்டுக்கு நல்ல பெயர் வந்ததற்கு .22 ஷார்ட்டும் (.22 தோட்டாவில் குட்டை வகை) ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை ரேபிட் ஃபயர் (வேகமாகச் சுடும்) பிஸ்டல் போட்டியில் அதைத்தான் சுட்டார்கள். அந்தக் குண்டு குட்டையானது, 1:20, 1:24 கூட அதற்குப் போதும். உங்கள் மாடல் 41 சுடும் .22 லாங் ரைஃபிள் குண்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 60 கிரெய்ன் நீளக் குண்டு சுடுவதானால் கதையே வேறு, 1:9 மாதிரி வேண்டும்.

பேரல் கைக்கு வந்ததும் துப்பாக்கியில் மாட்டுவதற்கு முன்பே ட்விஸ்டைச் சரிபாருங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் கிளீனிங் ராடில் இறுக்கமாக ஒரு துணியைச் சுற்றி, ராடின் மேல் ஒரு கோடு போட்டு, மெதுவாகத் தள்ளுங்கள். 4 அங்குலம் உள்ளே போவதற்குள் கோடு கால் சுற்று திரும்பினால் 1:16.

அப்புறம், இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு பழைய பேரல் ஒன்று வாங்கினேன். ரெஸ்டில் (துப்பாக்கியை அசையாமல் தாங்கும் முட்டில்) வைத்துச் சுட்டாலும் 50 கஜத்தில் மூன்றரை அங்குலம் பரவியது. ட்விஸ்ட்தான் தப்பு என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் காகிதத்தில் துளைகள் எல்லாம் சுத்தமான வட்டமாகவே இருந்தன. குண்டு தள்ளாடியிருந்தால் அவை நீள்வட்டமாக வந்திருக்கும். கடைசியில் லூப் (சிறு பூதக்கண்ணாடி) வைத்துப் பேரல் வாயைப் பார்த்தால், ஒரு பள்ளத்தின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு பிசிறு. கிளீனிங் ராடு உரசி வந்தது. கன்ஸ்மித் கிரவுனை (பேரல் வாயின் விளிம்பை) மறுபடி வெட்டிக் கொடுத்ததும் குரூப் (துளைகளின் பரவல்) இரண்டு அங்குலத்துக்குள் வந்துவிட்டது.

அதனால் கன்ஸ்மித்திடம் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) அளவையும் கிரவுனையும் பற்றி விரிவாகப் பேசுங்கள். பிறகு ஒரே பிராண்டில் நான்கைந்து லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) தோட்டாக்களை வாங்கி ரெஸ்டில் சுட்டுப் பார்த்து, உங்கள் பேரலுக்குப் பிடித்த லாட்டில் ஒரு சீசனுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.