அத்தையின் சக்கர நாற்காலியும் ஹைப்ரிட் காரும்

கேள்வி: வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான் ஆசிரியை. தில்லை நகரிலிருந்து பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் நான்தான் ஓட்டுகிறேன். மாதம் 600 கி.மீ. ஆகும். மாதம் ஒருமுறை கும்பகோணம் போய் வருவோம். அத்தை (மாமியார்) இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். மாருதியின் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார் லிட்டருக்கு 28 கி.மீ. மைலேஜ் தரும் என்கிறார்கள். ஆனால் சாதா ஆட்டோமேட்டிக்கை விட மூன்றரை லட்சம் கூடுதல். எடுக்கலாமா, சார்?
வாசகி, திருச்சி

பதில்: மைலேஜை அப்புறம் பார்ப்போம் அம்மா, முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி; அதன் பேட்டரி பின்பக்கம்தான் இருக்கிறது. சாதா மாடலில் 373 லிட்டர் இடம் என்றால், இதில் 265தான். என் அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போன காலத்தில், எங்கள் காரில் நாற்காலியை மடித்து வைத்தால் டிக்கி மூடாது. சக்கரங்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தம்பி உட்காருவான். ஆஸ்பத்திரி வாசலில் நான் அவற்றை மாட்டி முடிக்கும் வரை அப்பா காருக்குள்ளேயே வியர்த்துக்கொண்டு காத்திருப்பார். அது உங்கள் அத்தைக்கு வேண்டாம்.

ஹைப்ரிட் நல்ல வண்டிதான். சாஸ்திரி ரோட்டில் மாலை ஆறு மணிக்கு ஊர்ந்து போகும்போது அதன் அருமை தெரியும். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் சக்தியை மோட்டார் மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. கிளம்பும்போது அதையே எடுத்துத் தள்ளுகிறது. ஏ.சி. கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுவதால், சிக்னலில் இன்ஜின் நின்றாலும் சித்திரை வெயிலில் குளிர் குறையாது. வயதானவர்களை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் 27.97 என்பது சோதனையில் வந்த மைலேஜ். நீங்கள் ஓட்டும்போது 21 என்றே வையுங்கள், சாதா ஆட்டோமேட்டிக்குக்கு 13. கும்பகோணத்தையும் சேர்த்து மாதம் 800 கி.மீ. ஓட்டினால் வருடத்துக்கு 280 லிட்டர் மிச்சம். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் சுமார் 28,000 ரூபாய். மூன்றரை லட்சத்தை எடுக்க 12 வருடத்துக்கு மேல் ஆகும்; பேட்டரி வாரண்டியே 8 வருடம்தான். மாதம் 2,000 கி.மீ. ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஹைப்ரிட் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு சாதா ஆட்டோமேட்டிக்தான் சரி. அதையும் பார்க்காமல் புக் பண்ணாதீர்கள். அத்தையையும் நாற்காலியையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். நாற்காலியோடு இரண்டு ஊர்ப் பைகளையும் வைத்து டிக்கி மூடுகிறதா என்று பாருங்கள். இந்த ரக வண்டிகளில் சீட் உயரம். குனிந்து ஏற வேண்டாம் என்பது நடக்க முடிகிறவர்களுக்கு வசதி. நாற்காலியிலிருந்து நகர்ந்து உட்காருகிறவருக்கு இரண்டு அங்குலம் கூடினாலும் சிரமம். அத்தை ஏறி, இறங்கி, மறுபடி ஒருமுறை ஏறட்டும். அவர் சரி என்றால் அட்வான்ஸ் கொடுங்கள்.