நன்றாகச் சுடும் ஒருவர் தனக்காக மட்டும் ஆடினால் ஸ்குவாட் கெட்டுப்போகுமா?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான். அவருடைய பப்ஜி மொபைல் ஸ்குவாட்டில், அதாவது நாலு பேர் அணியில், ஒரு நண்பர் மற்ற மூவரையும் விட நன்றாகச் சுடுவார். ஆனால் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போய்விடுவார். மேட்ச் முடிந்ததும் பார்த்தால் கில், அதாவது கொன்ற எதிரிகளின் எண்ணிக்கை, அவருக்குத்தான் அதிகம். அப்படியிருக்க, அவரால்தான் தோற்கிறோம் என்று சொல்வது நியாயமா?

நியாயம்தான். இதை அந்த நண்பரின் இடத்தில் இருந்து சொல்கிறேன். எங்கள் ஸ்குவாட்டில் அந்த ஆள் நான்.

எனக்குச் சொந்த இடம் கிளிநொச்சி வட்டக்கச்சி. நான், மச்சான், பெரியம்மாவின் மகன் அண்ணா, சித்தியின் மகன் தம்பி, இந்த நாலு பேர்தான் ஸ்குவாட். வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்பதால் பின்னேரம் வாசிகசாலைத் திண்ணையில் கூடுவோம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் நாலு போனுக்கும் ஒரே ஒரு பவர் பேங்க். யாருடைய போன் முதலில் சாகப்போகிறதோ அவருக்கு முதலில் சார்ஜ் என்று ஒரு சண்டையும் இல்லாமல் பிரித்துக்கொண்டோம். அப்படிப் பகிர்ந்து பழகிய நானே மேட்சுக்குள் இறங்கியதும் வேறு ஆளாகிவிடுவேன். தூரத்து ஆளைக் குறிபார்க்க நல்ல ஸ்கோப் கிடைத்தால் சொல்லமாட்டேன். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் போதும், மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கூடப் பார்க்காமல் ஓடுவேன். ராத்திரி கில் எண்ணிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். பள்ளிக்கூடக் கூட்டாளிகள் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு எனக்கு மட்டும் வந்ததே ஒழிய, மற்ற மூவருக்கும் அதில் ஒரு துளியும் போகவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

2023 ஓகஸ்ட் விடுமுறையில் பக்கத்து ஊர்ப் பெடியள் சேர்ந்து ஒரு சின்னப் போட்டி வைத்தார்கள். தனி ரூம், மூன்று மேட்ச். புள்ளி முறை பெரிய பப்ஜி மொபைல் போட்டிகளில் இருப்பதே: முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 6, பிறகு 5, 4, 3, 2 என்று இறங்கி ஏழாம், எட்டாம் இடங்களுக்கு ஒவ்வொன்று. அதற்குக் கீழே வந்தால் இடத்துக்குப் புள்ளியே இல்லை. ஒவ்வொரு கில்லுக்கும் 1.

முதல் மேட்சில் மூன்றாவதாக வந்தோம். இரண்டாவது மேட்சில் எங்களுக்கு நல்ல காலம். சோன், அதாவது உயிரோடு நிற்கக்கூடிய வட்டம், எங்கள் பக்கமாகவே சுருங்கியது. மேட்டில் ஒரு இரண்டு மாடி வீடு, நாலு பேரும் உயிரோடு, ஆளுக்கு ஒரு ஜன்னல். அண்ணா மைக்கில் திரும்பத் திரும்ப, "ஒருத்தரும் வெளிய போகாதேங்கோ, அவங்களே எங்களிட்ட வரவேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் கீழே ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி ஓடினார்கள். ஒருவனுக்கு உயிர் பாதிதான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னலால் குதித்தேன். இரண்டு பேரையும் விழுத்தினேன். மூன்றாவது ஆளைத் தேடித் திரும்பிய நேரம் மரத்துக்குப் பின்னால் இருந்த இன்னொரு ஸ்குவாட் என்னை நொக் செய்தது, அதாவது சாகாமல் தரையில் விழவைத்தது.

நொக் ஆனவரை எழுப்ப 10 செக்கன் வேண்டும். எழுப்புபவர் அந்த 10 செக்கனும் சுட முடியாது, அசையவும் முடியாது. மச்சான் மறைப்புக்கு ஸ்மோக் (புகைக்குண்டு) எறிந்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். வரச்சொல்லி நான்தான் கத்தினேன். ஆறாவது செக்கனில் அவனும் விழுந்தான். வீட்டுக்குள் மிஞ்சிய இரண்டு பேரால் நாலு ஜன்னலையும் காவல் காக்க முடியவில்லை. ஒன்பதாவதாக முடிந்தோம். இடத்துக்குப் பூச்சியம். என் கில் இரண்டு, தம்பி போகிற போக்கில் எடுத்தது ஒன்று. வீட்டிலேயே இருந்து முதலிடம் எடுத்திருந்தால் பத்து. எடுத்தது மூன்று.

சரி, இது ஒரு மேட்ச் தோற்ற கதை. எல்லா ஸ்குவாட்டுக்கும் இப்படி ஒன்று இருக்கும். என்னை உலுப்பியது மூன்றாவது மேட்ச்.

அந்த மேட்சில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மைக் எல்லாம் ஓனில்தான் இருந்தது, ஆனால் யாரும் கதைக்கவில்லை. வழக்கமாக மச்சான் "இடப்பக்கம் கல்லுக்குப் பின்னால ஒருத்தன்" என்பான், தம்பி "என்னட்ட மருந்து கூட இருக்கு, ஆருக்கு வேணும்" என்பான். ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வீட்டில் லூட் எடுத்து, தங்கள் தங்கள் மதிலுக்குப் பின்னால் நின்றார்கள். என்னைப் பின்னால் வந்து ஒருவன் சுட்டான். பிறகு தெரிந்தது, தம்பி அவனை முன்னமே கண்டிருக்கிறான். "கண்டனி, ஏன்டா சொல்லேல்லை?" என்று கேட்டேன். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. கோபமே இல்லாத குரலில் சொன்னான்: "சொன்னாலும் நீங்கள் கேளாமல் போயிருப்பீங்கள்தானே அண்ணா. அதான் சொல்லேல்லை."

உங்கள் கேள்விக்கு என் பதில் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. தனியாகப் போனவன் சாவதால் அணிக்கு வருகிற நட்டம் ஒரு ஆள்தான். மூன்று பேராக ஆடியும் எத்தனையோ ஸ்குவாட் வென்றிருக்கிறது. ஆனால் கண்டதைச் சொல்வதால் பயனில்லை என்று மற்ற மூவரும் நினைக்கத் தொடங்கினால், நாலு பேரும் ஆளுக்கு இரண்டு கண்ணோடு மட்டும் ஆடுகிறார்கள். எட்டுக் கண்ணோடு ஆடுகிற ஸ்குவாட் எதிரே வந்தால், எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் நிற்க முடியாது. கில் எண்ணிக்கையில் இந்த நட்டம் எங்குமே பதிவாகாது. அதனால்தான் உங்கள் நண்பருக்கும் அது தெரிவதில்லை.

அப்பா கமக்காரர். அன்றிரவு சாப்பிடும்போது இதைச் சொன்னேன். கேம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் விஷயம் உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் வயலுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர். சிறுபோகத்தில் தண்ணீர் மட்டு. குளத்தில் இருக்கிற அளவைப் பார்த்து, எவ்வளவு ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். பிறகு வாய்க்காலில் முறை வைத்து விடுவார்கள். மேலே இருக்கிற ஒருவர் முறை தவறித் திறந்தால் கடைசி வயல் காயும், அது எல்லாருக்கும் தெரியும். அப்பா சொன்னது அதற்கு அடுத்தது: "காய்ஞ்சவன் சும்மா இருக்கமாட்டான். அடுத்த இரவு அவனும் மண்வெட்டியோட வருவான். பிறகு முறை எண்டு ஒண்டு இராது. முறையா நிண்டவனும் இரவில முழிச்சுக் காவல் இருக்கவேணும்." எங்கள் மூன்றாவது மேட்ச் அச்சொட்டாக அதுதான். முறை தவறியவன் நான் ஒருவன். அடுத்த மேட்சில் நாலு பேரும் மண்வெட்டியோடு நின்றோம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். தனியாகப் போவது எல்லாம் சுயநலம் ஆகாது. ஒருவர் பின்பக்கமாகச் சுற்றி வந்தால்தான் சில வீடுகளை உடைக்க முடியும். "நான் பின்னால சுத்திறன், நீங்கள் முன்னுக்குச் சுட்டுக்கொண்டு நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் அணிக்காகத்தான் போகிறார். அதேபோல நல்ல ஸ்னைப்பரை நன்றாகச் சுடுபவருக்கே கொடுப்பதும் சரி, அவர் கேட்டு வாங்குவதும் சரி. மறுபக்கத்தில், ஒரு கில்லும் எடுக்காமல் புல்லுக்குள் படுத்திருக்கிற ஆளும் சுயநலமாக ஆடலாம். ராங்க் மேட்சில் கடைசி வரை உயிரோடு இருந்தால் புள்ளி வரும் என்று, கூட்டாளி 20 மீட்டர் தள்ளி நொக் ஆகிக் கிடக்கும்போதும் அசையாமல் இருப்பார்கள். என்னைப் போல ஓடுகிறவனையாவது எல்லாரும் கண்டு கோபிப்பார்கள். படுத்திருக்கிறவரைப் "பொறுமையாக ஆடுகிறார்" என்று மெச்சுவார்கள். இரண்டில் இதுவே மோசம் என்பது என் எண்ணம்.

ஐந்து ஐந்து பேராக மோதுகிற டோட்டா 2 கேம் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும், ஏனென்றால் அங்கே பகிர்வு கணக்காகவே தெரியும். கிரீப் என்கிற, கேமே இயக்குகிற சின்னப் படையாளைக் கடைசி அடி அடித்துக் கொல்பவருக்குத்தான் அதன் தங்கம். ஐந்து பேரில் யாருக்கு முதலில் தங்கம் சேரவேண்டும் என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை வரிசை உண்டு. ஐந்தாம் இடத்தில் ஆடுகிறவர் கையில் கிடைக்கிற சின்னத் தங்கத்தையும் மற்றவர்களுக்கு உதவுகிற பொருட்களுக்கே செலவழிப்பார். 2018 இல் வன்கூவரில் நடந்த தி இன்டர்நேஷனல் என்கிற டோட்டா 2 உலகப் போட்டியை வென்ற ஓஜி அணியின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். போட்டிக்குச் சில மாதம் இருக்கும்போது இரண்டு பேர் அணியை விட்டுப் போய்விட்டார்கள். பயிற்றுநராக இருந்தவரே ஆட வந்தார், பெரிய மேடை ஏறாத ஒரு பெடியனைச் சேர்த்தார்கள், எல்லாருக்கும் திறந்த தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து, இறுதியில் 3க்கு 2 என்று வென்றார்கள். 2019 இல் ஷங்காயிலும் அதே ஐந்து பேர் வென்றார்கள். அதற்கு முன் எந்த அணியும் அந்தப் போட்டியை இரண்டு முறை வென்றதில்லை. அந்த அணியின் தலைவர் நோட்டெயில் என்கிற யொஹான் சுண்ட்ஸ்டைன் ஆடியது ஐந்தாம் இடத்தில். மேட்சுக்குள் கையில் ஆகக் குறைந்த தங்கம் வைத்திருந்தவர்தான் பிறகு இ-ஸ்போர்ட்ஸ் பரிசுப் பணத்தில் உலகிலேயே முதலாவதாக வந்தார். இதைத் தம்பிக்குச் சொன்னபோது அவன் நம்பவில்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

நாங்கள் எப்படிச் சரிசெய்தோம் என்றால், அது ஒரு நாளில் நடக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன், எல்லாரும் "சரி விடு" என்றார்கள், ஆனால் மைக் அப்படியேதான் இருந்தது. கேட்ட மன்னிப்பை மேட்சுக்குள் காட்டவேண்டியிருந்தது. ஒரு மாதம் நான் ஸ்மோக்கும் மருந்தும் சுமக்கிற ஆளாக ஆடினேன். யாராவது விழுந்தால் எழுப்பப் போவது என் வேலை. ஸ்டேட்டஸ் போடுவதை விட்டேன். அண்ணா ஒரு நல்ல வழக்கம் கொண்டுவந்தார்: மேட்ச் முடிந்ததும் முதலில் செத்தவர்தான் முதலில் கதைக்கவேண்டும், அவர் முடிக்கும் வரை மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. முன்பெல்லாம் கடைசியாகச் செத்தவர்தான் மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பார். இது வந்த பிறகு தம்பி கதைக்கத் தொடங்கினான். அப்புறம், வெளியே கால் வைக்கும் முன் "போறன்" என்று ஒரு சொல். அதற்கு மற்றவர்கள் "போ" அல்லது "நில்". "நில்" என்றால் நிற்கவேண்டும், காரணத்தைப் பிறகு கேட்கலாம். எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது அந்த "நில்" தான். முதல் இரண்டு கிழமை கை தானாகவே ஓடும்.

முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது இப்படிப் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. அங்கே நான் செய்வது: வெட்டவெளியில் விழுந்த சுயநலக்காரரை எழுப்பப் போவதில்லை, இன்னொரு உயிரையும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கண்டதை அவருக்கும் தொடர்ந்து சொல்வேன். நானும் வாயை மூடினால் மற்ற இருவரும் மூடிவிடுவார்கள்.

உங்கள் நண்பரிடம் கில் குறைக்கச் சொல்லாதீர்கள், அவர் சுடுவது உங்களுக்குத் தேவை. மேட்ச் முடிந்த சூட்டில் கதைக்கவும் வேண்டாம். அடுத்த நாள், போன் கையில் இல்லாத ஒரு நேரம் பார்த்து, உங்கள் மூவரில் யார் ஆகக் குறைவாகக் கோபப்படுவாரோ அவரைக் கொண்டு, நண்பருக்கு எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறீர்கள் என்று மட்டும் சொல்லவையுங்கள். நாலு பேரில் ஆகச் சின்னவரே அதைச் சொன்னால் இன்னும் நல்லது.