தலைமைப் பயிற்சியாளர் ஆவேன் என்கிறான் மகன்

கேள்வி: எங்கள் மகன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். டெக்ஸாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இளநிலைப் படிப்பை இந்த மே மாதம் முடிக்கிறான். ஒரு நல்ல நிறுவனத்திலிருந்து வேலைக்கான கடிதமும் வந்துவிட்டது. ஆனால் அவனோ நான்கு ஆண்டுகளாகப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் மாணவ மேலாளராக இருந்துவிட்டு, இப்போது வேறொரு மாநிலத்தில் ஒரு சிறிய பல்கலைக்கழக அணியில் பட்டதாரி உதவியாளராகச் சேரப் போகிறேன், ஒருநாள் தலைமைப் பயிற்சியாளர் ஆவேன் என்கிறான். பல்கலைக்கழக அணிக்காக அவன் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. என் கணவர் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இது ஒரு தொழில்தானா? ஆடாதவன் பயிற்சியாளர் ஆக முடியுமா? நாங்கள் தடுக்க வேண்டுமா, விட வேண்டுமா?
— ஒரு வாசகி, டெக்ஸாஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதே எளியது என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய பல்கலைக்கழக அணிக்கு ஆடாதவர்களும் தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருக்கிறார்கள். 2024-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பொறுப்பை ஏற்ற டஸ்டி மே, தொண்ணூறுகளில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பாப் நைட்டின் அணிக்கு உங்கள் மகனைப் போலவே மாணவ மேலாளராக இருந்தவர். இந்தியானாவுக்காக அவர் ஆடியவர் அல்லர்; அதற்கு முன் ஓராண்டு ஒரு சிறிய கல்லூரி அணியில் ஆடியதோடு சரி. அந்த வேலையைப் பந்து துடைத்துக் கொடுக்கும் எடுபிடி வேலை என்று நீங்கள் நினைத்திருக்கக் கூடும். அதுவும் அதில் உண்டுதான். ஆனால் பயிற்சித் திட்டம் எப்படித் தயாராகிறது, எதிரணியின் ஆட்டக் காணொளியிலிருந்து எதை வெட்டி எடுக்கிறார்கள், தோற்ற மறுநாள் காலையில் பயிற்சியாளர் வீரர்களிடம் என்ன பேசுகிறார் என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைப்பதும் அந்த வேலையில்தான்.

அதே டஸ்டி மேயின் வாழ்க்கையில் உங்கள் மகன் கூர்ந்து பார்க்க வேண்டிய பகுதி வேறு. அவர் பட்டம் பெற்றது 2000-இல். ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம் அவரை முதன்முறையாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது 2018-இல், அவருடைய 41-ஆம் வயதில். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் காணொளித் தொகுப்பாளராகவும் உதவிப் பயிற்சியாளராகவும் கலிஃபோர்னியா, இந்தியானா, மிச்சிகன், கென்டக்கி, அலபாமா, லூசியானா, ஃப்ளோரிடா என்று மாநிலம் மாநிலமாகக் குடிபெயர்ந்திருக்கிறார். 2023-இல் அந்தப் பெயரறியாத அணியை அவர் ஃபைனல் ஃபோர் எனப்படும் தேசிய அரையிறுதி வரை கொண்டுபோன பிறகுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது.

உங்கள் மகன் உங்களிடம் வேறொரு பெயரைச் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். பிராட் ஸ்டீவன்ஸ், எலை லில்லி மருந்து நிறுவனத்தில் பார்த்துவந்த நல்ல வேலையை 2000-இல் விட்டுவிட்டு, பட்லர் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அலுவலகத்தில் ஊதியமில்லாத தொண்டராகச் சேர்ந்தவர். ஏழே ஆண்டுகளில், 30 வயதில், அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2010, 2011 என அடுத்தடுத்த ஆண்டுகளில் தேசிய இறுதி ஆட்டத்துக்கு அணியைக் கொண்டுபோனார். 2013-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை அழைத்துக்கொண்டது. நிறுவன வேலையை உதற நினைக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் நெஞ்சில் வைத்திருக்கும் கதை இது. கதை முழுவதும் உண்மை. ஆனாலும் அதை வைத்து உங்கள் மகனின் எதிர்காலத்தைக் கணக்கிட முடியாது, ஏனென்றால் இந்தத் தொழிலின் வழக்கமான வேகம் அதுவன்று.

வழக்கமான வேகம் எது என்பதற்கு எண்ணிக்கையே போதும். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் ஆடவர் அணி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் 360-க்குச் சற்று மேல். ஒவ்வொன்றுக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர். 2023 முதல் உதவிப் பயிற்சியாளர்கள் ஐவர் வரை வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குக் கீழே அணி நிர்வாகம், காணொளி, பட்டதாரி உதவியாளர் என்று இன்னும் பலர். ஆண்டுதோறும் காலியாகும் தலைமை இடங்களோ சில பத்துகள்தான். அவற்றிலும் நல்ல இடங்களுக்கு ஏற்கெனவே வேறிடத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருப்பவரையே முதலில் தேடுவார்கள். ஆகவே இந்தத் தொழிலில் நுழைகிற பெரும்பாலோர் உதவிப் பயிற்சியாளர்களாகவே உழைத்து ஓய்வு பெறுகிறார்கள், அல்லது முப்பதுகளின் நடுவில் குடும்பத்துக்காக வெளியேறிவிடுகிறார்கள்.

இதனால்தான், தலைமைப் பயிற்சியாளர் ஆவாரா மாட்டாரா என்ற கேள்வியை நான் ஒதுக்கி வைக்கிறேன். அதற்கு அவராலும் பதில் சொல்ல முடியாது, எவராலும் முடியாது. அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: முப்பத்தைந்து வயதில், பெயர் தெரியாத ஊரில், இரண்டாம் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவிப் பயிற்சியாளராக இருந்தால், அந்த வாழ்க்கை உனக்குப் போதுமா? பெரிய பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் தம்பூரா மீட்டும் சீடர், தனக்குத் தனி மேடை கிடைக்காமலே போனாலும் அந்த இசைக்குள் இருந்ததே போதும் என்று எண்ணுவாரானால், அவர் வாழ்வு வீணாகவில்லை; மேடையை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அதே ஆண்டுகள் கசந்துபோகும். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பில் கத்ரிட்ஜ் 1967 முதல் 30 ஆண்டுகள் டீன் ஸ்மித்தின் உதவியாளராகவே இருந்தார். 1997-இல் ஸ்மித் ஓய்வு பெற்றபோது, தம் 60-ஆம் வயதில் தலைமை ஏற்று, மூன்றே பருவங்களில் இருமுறை ஃபைனல் ஃபோருக்குச் சென்றார். ஸ்மித் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் கத்ரிட்ஜின் பெயர் அந்த ஊருக்கு வெளியே தெரிந்தே இருக்காது. அதற்காக அவர் குறைந்த பயிற்சியாளர் ஆகிவிடவும் மாட்டார்.

இனி உச்சியில் இருப்பவர்களைப் பற்றி. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். ஆளுநர்கூட அருகில் வர முடியாது. ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் தரவேண்டிய தொகையும் அப்படியே. 2024-இல் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் காலிபரியைக் கென்டக்கி பல்கலைக்கழகம் நீக்கியிருந்தால் 3 கோடி டாலருக்கும் மேல் தந்திருக்க வேண்டும். அவர் தாமாகவே ஆர்கன்சாவுக்குப் போய்விட்டதால் அந்தச் செலவு மிச்சமானது. தலைமைப் பயிற்சியாளருக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு அவருடைய உதவியாளர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. தலைவர் நீக்கப்பட்டால் புதியவர் தம் ஆட்களோடு வருவார். பழைய உதவியாளர்கள், வேலையில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், வீட்டை ஒழித்துக்கொண்டு வேறு ஊர் தேட வேண்டும். உங்கள் மகன் இப்போது ஆட்டங்களை நினைத்துக்கொண்டிருப்பார். பருவம் முடிந்தபின் வரும் ஏப்ரல் மாதத்து வீடு மாற்றங்களை நினைத்திருக்க மாட்டார்.

தலைமை நாற்காலி கிடைத்த பிறகும் அது நிலைப்பது, மேலே இருப்பவர் எவ்வளவு காலம் பொறுப்பார் என்பதைப் பொறுத்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பாடமாகத் தோன்றுவது மைக் ஷஷெவ்ஸ்கியின் தொடக்கம். ராணுவக் கல்லூரி அணியின் பயிற்சியாளராகக் கடைசிப் பருவத்தில் 9 வெற்றி, 17 தோல்வி என்ற கணக்கோடு இருந்தவரை 1980-இல் டியூக் பல்கலைக்கழகம் வேலைக்கு எடுத்தது. முதல் ஆண்டு 17 வெற்றி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 10-17, 11-17 என்று தோல்விகளே மிகுந்தன. பழைய மாணவர்கள் அவரை நீக்கச் சொல்லி நெருக்கினார்கள். விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் நீக்கவில்லை. 1984-இல் ஒப்பந்தத்தை நீட்டிக்கவும் செய்தார். அதன்பின் ஐந்து தேசியப் பட்டங்கள், 2022-இல் ஓய்வு பெறும்போது மொத்தம் 1,202 வெற்றிகள், அமெரிக்க அணிக்கு மூன்று ஒலிம்பிக் தங்கங்கள். டீன் ஸ்மித்தின் உருவ பொம்மையை 1965-இல் அவருடைய மாணவர்களே தூக்கில் தொங்கவிட்டார்கள். அவருடைய முதல் தேசியப் பட்டம் 1982-இல், 21-ஆம் பருவத்தில் வந்தது. யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் ஜான் வுடன் 12 ஆண்டுகளில் 10 பட்டங்கள் வென்றவர் என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் முதலாவது அவர் அங்கே சேர்ந்த 16-ஆம் பருவத்தில் கிடைத்தது என்பதைச் சிலரே சொல்வார்கள். இன்றைய பெரிய பல்கலைக்கழகங்கள் 16 பருவங்கள் காத்திருக்குமா? மூன்றாவது பருவத்தைத் தாண்டுவதே கடினம் என்பது என் எண்ணம்.

ஏனெனில் இந்த வேலையே மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். அதே ஆண்டில், ஒரு பருவம் வெளியே உட்காராமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறவும் வழி திறந்தது. 2025-26 கல்வியாண்டு முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு அந்த முதல் ஆண்டின் உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். நான்கு ஆண்டுகள் ஓர் இளைஞனைச் செதுக்கும் ஆசிரியப் பணியாக இருந்தது, ஒவ்வொரு வசந்தத்திலும் பாதி அணியை மீண்டும் பேரம் பேசிச் சேர்க்கும் வேலையாக ஆகிவருகிறது. வர்ஜீனியாவின் டோனி பென்னட், 2019-இல் தேசியப் பட்டம் வென்றவர், 2024 அக்டோபரில் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் 55 வயதில் விலகினார். இன்றைய சூழலுக்கு ஏற்ற பயிற்சியாளர் தாம் அல்லர் என்று வெளிப்படையாகவே சொன்னார். நேர்மையான பேச்சு அது. உங்கள் மகன் பழைய வேலையைக் கனவு கண்டு புதிய வேலைக்குள் போகிறாரா என்று கேளுங்கள்.

அவருக்குச் சாதகமானதும் இதே மாற்றத்தில்தான் இருக்கிறது. வீரர்களை எண்களைக் கொண்டு மதிப்பிடுவதும், யாருக்கு எவ்வளவு தரலாம் என்று கணக்கிடுவதும் இப்போது அணிகளுக்கு அன்றாடத் தேவை. பட்லரில் ஸ்டீவன்ஸ் 2012-லேயே புள்ளிவிவரப் பகுப்பாய்வுக்கென்று ஓர் இளைஞரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். அன்று அது வியப்பு, இன்று அது வழக்கம். கணினி அறிவியல் பட்டத்தோடு நான்கு ஆண்டு மேலாளர் அனுபவமும் உள்ளவர், பந்து ஆடத் தெரிந்தவர்களுக்கு நடுவே தமக்கென்று ஓர் இடத்தைப் பிடிக்க முடியும். அதைத் தம் விண்ணப்பத்தில் அவர் முன்னே வைக்கிறாரா, அல்லது வெட்கப்பட்டு மறைக்கிறாரா என்று பாருங்கள்.

மகளிர் அணிகளையும் அவர் ஒதுக்கிவிடக் கூடாது. டென்னசியில் பாட் சமிட் 1974-இல் பட்டதாரி உதவியாளராகத்தான் வந்தார். இருந்த பயிற்சியாளர் விடுப்பில் போனதால் 22 வயதிலேயே தலைமை அவர் கைக்கு வந்தது. மாதம் 250 டாலர் சம்பளம்; அணியின் சீருடைகளைத் துவைத்ததும் வேனை ஓட்டியதும் அவரே. 1,098 வெற்றிகளோடும் எட்டுத் தேசியப் பட்டங்களோடும் 2012-இல் விலகினார். கனெடிகட் மகளிர் அணியை 1985 முதல் நடத்திவரும் ஜீனோ ஆரியம்மா ஓர் ஆண். இந்தப் பக்கத்தை இரண்டாந்தரமாகப் பார்க்கும் இளைஞர்கள் நல்ல ஆசான்களை இழக்கிறார்கள்.

ஆகவே, தடுக்காதீர்கள், ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் விடுங்கள். பட்டதாரி உதவியாளர் பணி என்பது வழக்கமாக முதுநிலைப் படிப்போடு சேர்ந்தது: கல்விக் கட்டணம் தள்ளுபடி, கையில் சிறு தொகை. தோற்றாலும் ஒரு முதுநிலைப் பட்டம் மிஞ்சும் என்பது உங்கள் கணவரின் காதில் விழ வேண்டிய செய்தி. கட்டணத் தள்ளுபடி முழுமையானதா, கோடை மாதங்களுக்கும் தொகை உண்டா என்பதை எழுத்தில் பெறச் சொல்லுங்கள். கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் அந்த இடம் வேண்டாம். அதைவிட முக்கியமாக, அங்கே தலைமைப் பயிற்சியாளர் யார், அவருடைய முந்தைய பட்டதாரி உதவியாளர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். இந்தத் தொழிலில் அடுத்த வேலை விளம்பரத்தைப் பார்த்து வருவது அரிது. ஒரு பயிற்சியாளர் இன்னொருவருக்குத் தொலைபேசியில் சொல்வதால் வருகிறது. தம் பிள்ளைகளுக்காக அந்தத் தொலைபேசியை எடுக்காதவரிடம் இரண்டு ஆண்டுகள் உழைப்பது வீண்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீரர்களைப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் வைத்திருக்கக் கூடாது என்று என்சிஏஏ விதி இருக்கிறது. பயிற்சியாளர்களுக்கு அப்படி ஒரு வரம்பும் இல்லை. முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் போதிய ஓய்வில்லாமல் திரும்பிய ஷஷெவ்ஸ்கி, 1995 ஜனவரியில் பருவத்தின் நடுவிலேயே களைத்து விலக நேர்ந்தது. அவர் இருந்தவரை 9-3 என்றிருந்த அணி, மீதி ஆட்டங்களில் 4-15 என்று சரிந்தது. மகன் வாரம் ஒருமுறையாவது உங்களோடு பேச வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

உங்கள் கணவரிடம் இந்த முடிவுக்கு ஒப்புதல் கேட்காதீர்கள்; பணி ஒப்பந்தத்தை மகனோடு உட்கார்ந்து படித்துத் தரும்படி கேளுங்கள். கோபத்தில் இருக்கும் தந்தையர் அறிவுரைக்கு மறுத்தாலும் கணக்குப் பார்க்க மறுப்பது குறைவு. மகனுக்கு 26 வயது வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே இருக்க முடியும் என்பதால் அந்தச் செலவு இப்போதைக்கு இல்லை. நிறுவனத்துக்கு மறுப்புக் கடிதம் அனுப்பும் முன், சேரும் நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று அவரே அவர்களிடம் கேட்கட்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் ஒப்ப மாட்டார்கள், ஆனால் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லக்கூடும், அதை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.