பெரியம்மா வீடு என்று சொல்லி ஊட்டிக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். நீலகிரி எக்ஸ்பிரஸ், மலை ரயில் இரண்டிலும் டிக்கெட் கன்பார்ம் ஆகிவிட்டது. ஏழாவது படிக்கும் மகளுக்கும் ஒன்றாவது படிக்கும் மகனுக்கும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பரீட்சைக்குப் படிக்க மாட்டார்கள். "காசிமேட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போறோம்" என்று ஆட்டோவில் ஏற்றி, சென்ட்ரலில் இறக்கி, அங்கே விஷயத்தை உடைத்து, அவர்கள் குதிப்பதை வீடியோ எடுப்பதாகத் திட்டம். மனைவியோ "பேசாம சொல்லிடுங்க" என்கிறார். யார் சொல்வது சரி?

- ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான்.

இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன். வீடியோ என்று எழுதிவிட்டீர்களே, அதனால் தொடர்கிறேன்.

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் ஊட்டியைப் பார்க்கத்தான் போகிறார்கள். ரகசியத்தால் கூடுதலாகக் கிடைப்பது உங்கள் போனில் பத்து விநாடிப் படம். பிள்ளைகளுக்கு அதில் நஷ்டம்தான். 2024 நவம்பரிலிருந்து ரயில் டிக்கெட்டை 60 நாளுக்கு முன்புதான் எடுக்க முடியும்; நீங்களும் அப்போதே எடுத்திருப்பீர்கள். அந்த அறுபது நாளும் உங்கள் வீட்டில் ஊட்டிப் பயணம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, உங்கள் ஒருவருக்கு மட்டும். லாட்ஜ் போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள், அங்கே மழையா வெயிலா என்று தேடுவீர்கள், ராத்திரி படுக்கையில் கணக்குப் போடுவீர்கள். அதெல்லாம் சந்தோஷம்தானே? அதில் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள் என்கிறார் உங்கள் மனைவி.

அதுவும் நீங்கள் போகப்போவது சாதாரண ரயில் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ஓட ஆரம்பித்து, 1908-இல் ஊட்டி வரை நீண்ட பாதை. 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை வரும்; எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். இதை ஒன்றாவது படிக்கிற பையனிடம் சொல்லிப் பாருங்கள். "ஏன் பின்னாடி?" என்று ஒரு வாரம் உங்களைத் துளைத்தெடுப்பான். 16 குகைகளையும் எண்ணும் பொறுப்பை அவனிடமே விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் ஸ்டேஷன் வரை நடந்து போய் வாருங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எத்தனை வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

ஸ்வெட்டர் வாங்கவும் எம்.சி. ரோட்டுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். ரகசியமாக வாங்கினால் அளவு சரியாக இருக்காது. தவிர, சித்திரை வெயிலில், அந்த நெரிசலில், வேர்த்து வழிய ஸ்வெட்டர் போட்டுப் பார்க்கிற கூத்தை நீங்கள் ஏன் இழக்க வேண்டும்?

மகள் விஷயம் வேறு. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அவளுக்கென்று ஒரு காலண்டர் உண்டு. லீவில் யார் வீட்டில் கூடுவது, எந்தப் போட்டிக்குப் பேர் கொடுப்பது என்று அவளும் தோழிகளும் ஏற்கெனவே பேசி வைத்திருப்பார்கள். வடசென்னையில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா உங்கள் பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அதற்குப் பிறகும் கேரம் போர்டை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். உங்கள் மகள் ஏதாவது ஒன்றுக்குப் பேர் கொடுத்திருந்து, அது நீங்கள் ஊட்டியில் இருக்கிற நாளில் வந்தால்? "இன்னாப்பா, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று அவள் கேட்பதும் வீடியோவில் பதிவாகும்.

இன்னொன்று, அப்பாக்களுக்குத் தோன்றாதது. அந்த வயதில் மாதவிலக்கு வந்திருக்கலாம், வரும் நேரமாகவும் இருக்கலாம். தன் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவளும் அம்மாவும் பேசி எடுத்து வைக்க வேண்டும். பெரியம்மா வீடு என்று ஏமாற்றிக் கிளப்பிவிட்டு, ராத்திரி ரயிலில் அவளைத் தவிக்க விடாதீர்கள்.

சென்ட்ரலில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரியம்மா வீட்டுக்கு என்று கிளம்பிய பையன் அங்கே இருக்கிற அண்ணன்களோடு விளையாடுவதைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வருவான். ராத்திரி கூட்டத்தில், தூக்கக் கலக்கத்தில் நிறுத்தி "ஊட்டி!" என்றால், அவனுக்கு ஊட்டி என்றால் என்னவென்றே தெரியாது. "பெரியம்மா வீடு?" என்று அழுவான். உங்கள் முகம் சுருங்கும். இவ்வளவு செலவு பண்ணி கூட்டிப் போறேன், ஒரு சிரிப்பு இல்லையே என்று அரக்கோணம் வரைக்கும் புலம்புவீர்கள். கேமராவுக்கு முன்னால் சந்தோஷப்படக் கடமைப்பட்டவர்களா பிள்ளைகள்?

பரீட்சையைக் காரணம் காட்டியிருக்கிறீர்கள். ஒன்றாவது படிக்கிறவனுக்கு என்ன ஐயா பரீட்சை? மகளுக்காக என்றால், கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வருகிற அன்று சாயங்காலம் சொல்லுங்கள். அந்த அளவுக்கு ரகசியம் வைப்பது நியாயம். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தாலோ, ஆபீசில் லீவு உறுதியாகாமல் இருந்தாலோ வாயைத் திறக்காமல் இருப்பதும் நியாயமே. ஆசை காட்டி மோசம் செய்வதைவிட அது மேல். உங்களுக்குத்தான் எல்லாம் கன்பார்ம் ஆகிவிட்டதே, இனி யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்?

இந்த ரகசியத்தைச் சுமப்பது யார் என்று யோசித்தீர்களா? பிள்ளைகள் தூங்கிய பிறகு துணி மடித்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மறுநாள் "என் ப்ளூ சட்டை எங்கம்மா?" என்றால் பொய் சொல்லிச் சமாளிப்பது உங்கள் மனைவி. நீங்கள் செய்வது வீடியோ எடுப்பது மட்டும்.

யாரையாவது ஆச்சரியப்படுத்தியே தீருவேன் என்றால் அவரே இருக்கிறார். கிளம்புவதற்கு முந்தின நாள் நாலு பேருக்கும் நீங்களே பெட்டி கட்டி வையுங்கள். அப்போது அவர் முகத்தை வேண்டுமானால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.