துஷ்டி (சாவு) வீட்டில் முதல் ஒரு மணி நேரம்: கண்தானக் கேள்விகள்

அப்பா பத்து வருஷம் முன்பே கண்தானப் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டார். இறந்ததும் கண் வங்கிக்காரர்கள் தாமாக வந்துவிடுவார்களா? (தக்கலை)

வரமாட்டார்கள். இறந்த செய்தி அவர்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால்தான் உண்டு. பீரோவில் பத்திரமாக இருந்த கண்தான அட்டை அடியந்திரத்துக்கு (கருமாதிக்கு) பிறகு கையில் கிடைத்து என்ன பயன்? அட்டையைவிட மனைவி, மக்களிடம் சொல்லி வைப்பதுதான் வேலை செய்யும். அட்டையே இல்லாவிட்டாலும் நெருங்கிய உறவினர் ஒருவர் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டால் போதும். அட்டை இருந்து, வீட்டில் ஒருவர் கடுமையாக மறுத்தால் வந்த குழு பெரும்பாலும் திரும்பிவிடும். துஷ்டி வீட்டில் போய் யார் வழக்காடுவார்கள்?

உயிர் போனதும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (குளச்சல்)

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். கூட்டம் சேர்ந்ததும் ஃபேனை முழு வேகத்தில் வைப்பது நம் வழக்கம்; இமை பாதி திறந்திருந்தால் அந்தக் காற்றிலேயே கருவிழி காய்ந்து மங்கிவிடும். ஏசி இருந்தால் போடலாம். இமைகளை மெதுவாக மூடி, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை மேலே வையுங்கள். பஞ்சு காயக் காய நனைக்க ஒரு ஆளை உட்கார வையுங்கள். தலைக்கு அடியில் இரண்டு தலையணை, அதாவது அரை அடி உயரம். தலை தாழ்ந்து கிடந்தால் முகத்தில் ரத்தம் தங்கி, கண் எடுக்கும்போது கசிவும் வீக்கமும் வரும்.

உடனே 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்கோ அருகிலுள்ள கண் வங்கிக்கோ போன் போடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும்; அந்தக் கணக்கு உயிர் போன நிமிஷத்திலிருந்து ஓடுகிறது. குழு நெல்லையிலிருந்து வர வேண்டியிருந்தால் சாலைக்கே குறைந்தது இரண்டு மணி நேரம் போய்விடும். இறந்த நேரம், வயது, நோய் ஆகியவற்றைச் சொல்லுங்கள். வீடு உள்ளே தள்ளி இருந்தால் முக்கில் ஒரு பையனை நிறுத்துங்கள். டாக்டரின் இறப்புச் சான்றும் சிகிச்சை ஃபைலும் தயாராக இருக்கட்டும். வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நோய்த்தொற்றுப் பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள்.

அம்மாவுக்கு சுகர், பிரஷர். இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. (பூதப்பாண்டி)

கொடுக்கலாம். புரை விழுவது உள்ளே இருக்கும் லென்ஸில். பிறருக்குப் பொருத்துவது முன்னால் கண்ணாடி போலிருக்கும் கருவிழியை. கண்ணாடி போட்டவர்களும் கொடுக்கலாம். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி வைரஸ், வெறிநாய்க்கடி, ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, ரத்தப் புற்றுநோய், காரணம் தெரியாத சாவு என்றால் எடுக்க மாட்டார்கள். எடுத்த கருவிழி எல்லாம் பொருத்தப்படுவதில்லை. உள்அடுக்குச் செல்கள் குறைவாக இருந்தால் பயிற்சிக்கோ ஆராய்ச்சிக்கோ போகும். வயதானவர்களுக்கு இப்படி ஆவதுண்டு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கருவிழியில் ரத்த நாளம் இல்லாததால் ரத்த வகை பார்ப்பதில்லை.

அண்ணன் துபாயிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். அவர் வந்து கையெழுத்துப் போடட்டுமா? (கருங்கல்)

ஐஸ் பெட்டி உடலைக் காக்கும், கருவிழி அத்தனை நாள் தாங்காது. பக்கத்தில் இருக்கும் அம்மாவோ தங்கச்சியோ சம்மதம் தரலாம். ஆனால் கையெழுத்துக்கு முன் அண்ணனிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். “என்னைக் கேட்காமல்…” என்று ஆரம்பிக்கும் சண்டை வருஷக்கணக்கில் போகும். கண்ணைத் தோண்டியது போல் முகம் தெரியுமோ என்ற பயம்தான் பலருக்கும். பெரும்பாலும் கருவிழியை மட்டும் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் மூடி வைத்து இமையை மூடிவிடுவார்கள். அண்ணன் வந்து பார்க்கும்போது தூங்குவது போலத்தான் இருக்கும்.

விபத்தில் இறந்து, பிரேதப் பரிசோதனைக்குப் போனால்? (மார்த்தாண்டம்)

வாய்ப்பு உண்டு. விசாரிக்கும் போலீஸ் அதிகாரியும் பரிசோதனை செய்யும் டாக்டரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிணவறை வாசலில் காத்திருக்கும் நேரத்தில் நீங்களாகவே கேளுங்கள், யாரும் வந்து கேட்கமாட்டார்கள்.

தோலும் கொடுக்கலாமா? (தோவாளை)

கொடுக்கலாம். தொடை, கால், முதுகிலிருந்து மெல்லிய மேல் அடுக்கை மட்டும் எடுத்து, தீக்காயம்பட்டவர்களுக்குப் போர்த்துவார்கள். ஆனால் தோல் வங்கி எல்லா ஊரிலும் கிடையாது. கண்ணுக்குப் போன் செய்யும்போதே இதையும் கேளுங்கள்.

யாருக்கு வைத்தார்கள் என்று சொல்வார்களா? (கொட்டாரம்)

சொல்லமாட்டார்கள். பொருத்தியாயிற்றா என்று மட்டும் கண் வங்கியில் கேட்டுப் பார்க்கலாம்.